வளர்ப்புப் பாம்பின் தோல் நோய்கள்

பாம்பின் செதில்கள் மீன் செதில்களைப் போல ஒவ்வொன்றாகப் பெயர்த்து எடுக்கக்கூடியவை அல்ல. தோலின் மேலடுக்கே மடிந்து தடித்துச் செதிலாகிறது. செதிலின் வெளிப்புறத்தில் பீட்டா கெரட்டின் என்னும் விறைப்பான புரதமும், செதில்களுக்கு இடையிலுள்ள மடிப்புகளில் ஆல்ஃபா கெரட்டின் என்னும் வளைந்து கொடுக்கும் புரதமும் மிகுந்திருக்கும். தன் தலையைவிடப் பருமனான இரையைப் பாம்பு விழுங்கும்போது உடல் விரிவது இந்த மடிப்புகளால்தான். கெரட்டின் அடுக்குகளுக்கு நடுவே உள்ள கொழுப்புப் படலம் உடலின் நீர் ஆவியாகிப் போகாமல் காக்கிறது. வயிற்றுப்புறச் செதில்கள் மட்டும் அகலமாக, ஒரே வரிசையாக அமைந்தவை. அவை எப்போதும் தரையோடு ஒட்டியே இருக்கின்றன. தரையில் ஈரமோ, சூடோ, கழிவோ எது இருந்தாலும் முதலில் பாதிக்கப்படுவது அந்த வரிசைதான்.

பாம்புக்கு இமை கிடையாது. கருவிலேயே இமைகள் ஒன்றாகி, ஒளி ஊடுருவும் ஒற்றைச் செதிலாகிக் கண்ணை மூடிவிடுகின்றன. இந்தக் கண்செதிலும் தோலின் ஒரு பகுதியே. சட்டை உரியும்போது இதுவும் சேர்ந்து உரிய வேண்டும். தோல் நோய்களில் கண்ணைத் தனியாகக் கவனிக்க வேண்டியிருப்பதற்குக் காரணம் இதுதான்.

உலகெங்கும் வீடுகளில் மிகுதியாக வளர்க்கப்படும் பாம்புகள் இரண்டு. ஒன்று மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பால் பைத்தான் என்னும் சிறு மலைப்பாம்பு. மற்றொன்று அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் வாழும் நஞ்சற்ற கார்ன் ஸ்நேக். இந்தியாவில் நாகம், சாரை, மலைப்பாம்பு முதலிய உள்நாட்டுப் பாம்புகளை வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால் பைத்தான், போவா போன்ற, பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட வெளிநாட்டு இனங்களை வைத்திருப்போர் 2024இல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். நோயுற்ற பாம்பை ஒளிக்காமல் மருத்துவரிடம் கொண்டு செல்ல இந்தப் பதிவு உதவும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வளர்ப்புப் பாம்புகளின் தோல் நோய்களில் பெரும்பாலானவை கூண்டில் தொடங்குகின்றன. காட்டில் பாம்பு வெயில் வேண்டுமானால் வெளியே வரும், ஈரம் வேண்டுமானால் வளைக்குள் போகும், உண்ணி மிகுந்த இடத்தை விட்டு நகரும். கண்ணாடித் தொட்டியில் இந்த மூன்றையும் வளர்ப்பவர்தான் அமைத்துத் தர வேண்டும். ஆகவே மருந்தை மட்டும் பூசிவிட்டுக் கூண்டை அப்படியே விட்டால் நோய் திரும்ப வரும். கீழே வரும் ஒவ்வொரு நோய்க்கும் இது பொருந்தும்.

சட்டை உரியும் முறை

நோயை அறிய முதலில் இயல்பை அறிய வேண்டும். வளரும் குட்டி ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு முறை சட்டை உரிக்கும். வளர்ந்த பாம்பு ஆண்டுக்குச் சில முறையே உரிக்கும். பழைய தோலுக்கு அடியில் புதிய தோல் உருவானதும் இரண்டுக்கும் நடுவே ஒரு நீர்மம் சுரக்கிறது. அப்போது உடல் மங்கி, வயிறு இளஞ்சிவப்பாகி, கண்கள் பால் கலந்த நீல நிறத்துக்கு மாறும். பார்வை மங்குவதால் பாம்பு ஒளிந்துகொள்ளும், இரையைத் தொடாது, கையில் எடுத்தால் சீறவும் செய்யும். சில நாட்களில் கண் தெளியும். இதைக் கண்டு உரிக்கும் எண்ணத்தைப் பாம்பு கைவிட்டுவிட்டதாகப் புதியவர்கள் நினைப்பதுண்டு. உண்மையில் நீர்மம் உறிஞ்சப்பட்டுவிட்டது, இனி நான்கிலிருந்து ஏழு நாட்களுக்குள் சட்டை கழலும் என்பதே அதன் பொருள். பாம்பு மூக்கைக் கரடான எதிலாவது தேய்த்து, உதட்டோரத்தில் தோலைப் பிரித்து, முன்னோக்கி ஊர்ந்து வெளியே வரும். சட்டை உள்புறம் வெளியாகத் திரும்பி ஒரே துண்டாகக் கிடக்கும்.

அந்தச் சட்டையைக் குப்பையில் போடும் முன் ஒரு நிமிடம் விரித்துப் பார்ப்பது வளர்ப்பவர் செய்யக்கூடிய மிக எளிய மருத்துவப் பரிசோதனை. தலைப்பகுதியில் இரு கண்செதில்களும் தெளிந்த சிறு வட்டங்களாக இருக்க வேண்டும். வால் நுனி முழுமையாக இருக்க வேண்டும். செதில் மடிப்புகள் விரிந்துகொள்வதால் சட்டை பாம்பைவிட நீளமாக இருப்பது இயல்பு. கறை, துளை, கருத்த தழும்பு இருந்தால் அதற்கு நேரான இடத்தைப் பாம்பின் உடலிலும் தேட வேண்டும்.

உரியாத சட்டை

சட்டை துண்டு துண்டாகக் கிழிந்து உடலில் ஒட்டிக்கொண்டிருப்பதே மருத்துவர்களிடம் வரும் தோல் புகார்களில் மிகப் பரவலானது. காற்றில் ஈரப்பதம் போதாமை இதற்கு முதற்காரணம். பால் பைத்தானுக்குச் சாதாரண நாட்களில் 50 முதல் 60 விழுக்காடும், உரிக்கும் காலத்தில் 70 விழுக்காடு வரையும் ஈரப்பதம் தேவை. கார்ன் ஸ்நேக்குக்கு 40 முதல் 60 போதும். தென் அமெரிக்க ரெயின்போ போவாவுக்கு எப்போதும் 75க்கு மேல் வேண்டும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் ஈரம் குறையாது என்று வளர்ப்பவர்கள் நம்பிவிடுகிறார்கள். ஆனால் இரவெல்லாம் ஏ.சி. ஓடும் அறையில் காற்று வறண்டுவிடும். தொட்டியின் மேல் எரியும் விளக்கு அதை இன்னும் வறளச் செய்யும். குளிர்நாடுகளில் இதே வேலையை வீட்டுச் சூடேற்றி செய்கிறது. ஊகிப்பதை விட்டு, மலிவாகக் கிடைக்கும் டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்றைக் கூண்டுக்குள் வைப்பதே சரி.

ஈரப்பதம் சரியாக இருந்தும் சட்டை ஒட்டினால் வேறு காரணம் தேட வேண்டும். குடிநீர் போதாமல் உடல் வறண்டிருக்கலாம், பாம்பு மெலிந்திருக்கலாம், உண்ணி இருக்கலாம், பழைய தழும்பு இருக்கலாம், உள்ளே வேறு நோய் மறைந்திருக்கலாம். தேய்த்துப் பிரிக்கக் கரடான கட்டையோ கல்லோ கூண்டில் இல்லாததும் ஒரு காரணமே.

சிகிச்சை பொறுமையைக் கேட்பது. மூடியுள்ள, காற்றுத்துளையிட்ட பிளாஸ்டிக் டப்பாவில் 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் சூடுள்ள நீரைப் பாம்பின் உடல் உயரத்துக்கு மேல் போகாமல் ஊற்றி, அதில் இருபது அல்லது முப்பது நிமிடம் பாம்பை விட வேண்டும். தலை தாராளமாக நீருக்கு வெளியே இருக்க வேண்டும். ஒருவர் அருகிலேயே இருக்க வேண்டும். பிறகு ஈரத் துண்டைத் தளர்வாகப் பிடித்து அதன் வழியே பாம்பை ஊர்ந்து போகவிட்டால் பழைய தோல் துணியில் தங்கிவிடும். ஒட்டியிருப்பதை விரலால் இழுத்துப் பிய்க்கக் கூடாது. அடியிலுள்ள புதிய தோல் முதிர்ந்திருக்காவிட்டால் அதுவும் கிழியும். முழுவதும் வரவில்லையானால் மறுநாள் மீண்டும் செய்யலாம். ஈரமான ஸ்பேக்னம் பாசி நிரப்பிய மறைவிடப் பெட்டி ஒன்றைக் கூண்டில் வைத்தால் பெரும்பாலான பாம்புகள் தாமாகவே மீதியைக் கழற்றிவிடும்.

இரண்டு இடங்களில் தாமதம் ஆகாது. ஒன்று வால் நுனி. அங்கே வளையமாகத் தங்கும் தோல் காய்ந்து இறுகி இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். அடுத்தடுத்த உரிப்புகளில் வளையத்தின் மேல் வளையமாகச் சேர்ந்து நுனி கருத்து அழுகிப்போன பாம்புகள் ஏராளம். மற்றொன்று கண். உரித்த பின்னும் ஒரு கண் மங்கலாகவும் சுருக்கத்தோடும் இருந்தால் பழைய கண்செதில் தங்கியிருக்கலாம். இதை நகத்தாலோ இடுக்கியாலோ எடுக்க முனைவது பேராபத்து. பழைய செதிலோடு அடியிலுள்ளதும் வந்துவிட்டால் கண் வறண்டு பார்வையே போகும். ஈரப்பதத்தை உயர்த்தி அடுத்த உரிப்புவரை காத்திருப்பதில் தவறில்லை. அப்போதும் கழலவில்லை என்றால் ஊர்வன மருத்துவம் அறிந்தவரிடமே போக வேண்டும். கண்செதிலில் குழி விழுந்திருப்பது மட்டும் பழைய செதில் தங்கியதற்கு அடையாளமல்ல. உடல் நீர் குறைந்தாலும் அப்படிக் குழியும். கண் வீங்கிப் புடைத்திருந்தால் செதிலுக்கு அடியில் சீழ் சேர்ந்திருக்கலாம். வாயில் தொடங்கிய தொற்று கண்ணீர்க் குழாய் வழியே மேலே ஏறுவதால் வருவது அது.

பாம்பு உண்ணி

மைட் என்று வளர்ப்பவர்கள் சொல்லும் சிற்றுண்ணிக்கு அறிவியல் பெயர் ஓஃபியோனிஸஸ் நாட்ரிசிஸ். இரத்தம் குடித்த பெண் உண்ணி ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இருக்கும், கருப்பாக உருண்டிருக்கும். கண்ணைச் சுற்றியுள்ள விளிம்பு, தாடையின் அடி மடிப்பு, கழிவுத்துளையின் ஓரம் ஆகியவை இவை தங்கும் இடங்கள். பாம்பை வெள்ளைக் காகிதத் துண்டின் மேல் சிறிது நேரம் விட்டால் கருப்புப் புள்ளிகள் உதிர்ந்து நகர்வது தெரியும். அதற்கு முன்பே சில குறிப்புகள் கிடைக்கும். தண்ணீர்க் கிண்ணத்தில் இதுவரை கிடக்காத பாம்பு மணிக்கணக்கில் மூழ்கிக் கிடக்கும். கிண்ணத்தின் அடியில் செத்த உண்ணிகள் மிளகுத்தூள் தூவினாற்போல் படியும். செதில்களின் மேல் வெண்ணிறத் தூசி காணும், அது உண்ணியின் கழிவு. வளர்ப்பவர் கையிலும் சில உண்ணிகள் ஊர்வதுண்டு.

இந்த உண்ணியின் வாழ்க்கையை விரிவாக ஆராய்ந்து 1953இல் வெளியிட்டவர் அமெரிக்க ஆய்வாளர் ஜோசப் கேமின். முட்டை, லார்வா, இரண்டு இளம்பருவங்கள், முதிர்ந்த உண்ணி என ஐந்து நிலைகள். அவற்றுள் முதல் இளம்பருவமும் முதிர்ந்ததும் மட்டுமே இரத்தம் குடிக்கும். நல்ல சூட்டிலும் ஈரத்திலும் முட்டையிலிருந்து முதிர்ச்சிவரை இரண்டு வாரம் முதல் மூன்று வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது. ஒரு பெண் உண்ணி அறுபது, எண்பது முட்டைகள் இடும். சிகிச்சையில் பலரும் தோற்பது அடுத்த செய்தியை அறியாததால்தான்: அந்த முட்டைகள் பாம்பின் மேல் இடப்படுவதில்லை. கூண்டின் மூலை, மரக்கட்டையின் விரிசல், மூடியின் இடுக்கு என இருட்டான இடங்களில் இடப்படுகின்றன. பாம்பைக் குளிப்பாட்டி உண்ணி இல்லாமல் செய்தாலும் ஒரு வாரத்தில் கூண்டு அதைத் திரும்பத் தந்துவிடும்.

உண்ணி இரத்தத்தைக் குறைக்கும். சிறு குட்டிகளை இரத்தசோகையால் கொல்லவும் செய்யும். அதைவிடக் கேடானது அது சுமந்துவரும் தொற்று. ஏரோமோனாஸ் என்னும் பாக்டீரியாவை ஒரு பாம்பிலிருந்து இன்னொன்றுக்கு உண்ணி கடத்துவதைக் கேமினே 1948இல் காட்டினார். மலைப்பாம்புகளையும் போவாக்களையும் கொல்லும் இன்க்ளூஷன் பாடி நோய்க்கு அரினாவைரஸ் குடும்பத்தைச் சேர்ந்த வைரஸ்கள் காரணம் என்று 2012இல் கலிஃபோர்னியா ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அந்த வைரஸைப் பரப்புவதிலும் உண்ணிக்குப் பங்கு இருக்கலாம் என்பது வலுவான ஐயம்.

கூண்டிலுள்ள மண், மரத்தூள், பாசி எல்லாவற்றையும் பையில் கட்டி வீட்டுக்கு வெளியே அகற்ற வேண்டும். மரக்கட்டைகளை எறிந்துவிடுவதே நல்லது, விரிசலுக்குள் எந்த மருந்தும் முழுதாகச் செல்லாது. கூண்டை வெந்நீராலும் சோப்பாலும் தேய்த்துக் கழுவி, இடுக்குகளைத் தனித்தனியே துடைத்து, காயவைத்து, தரையில் வெள்ளைத் தாள் மட்டும் விரிக்க வேண்டும். வெள்ளைத் தாளில் ஓர் உண்ணி மிஞ்சியிருந்தாலும் தெரியும். பாம்புக்கு ஃபிப்ரோனில் தெளிப்பு மருந்தைத் துணியில் நனைத்து மெல்லத் துடைப்பது மருத்துவர்கள் பரவலாகக் கையாளும் முறை. கண், வாய் அருகே படக் கூடாது. மருந்து காய்ந்த பிறகே பாம்பையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் கூண்டில் வைக்க வேண்டும். ஒரு முறையோடு நிறுத்தினால் பயனில்லை. முட்டையிலிருந்து புதிதாக வருபவற்றையும் பிடிக்க இடைவெளி விட்டுப் பல வாரங்கள் தொடர வேண்டும். எவ்வளவு, எத்தனை முறை என்பதைப் பாம்பின் எடையையும் வயதையும் பார்த்து மருத்துவர் சொல்ல வேண்டும். ஐவர்மெக்டின் சில பாம்புகளுக்குப் பயன்படுகிறது. ஆனால் ஆமைகளுக்கு அது உயிரைப் பறிக்கும். ஒரே அறையில் ஆமையும் பாம்பும் வளர்ப்போர் இதை மறக்கக் கூடாது. உண்ணியைத் தின்னும் வேறு வகைச் சிற்றுண்ணிகளைக் கூண்டில் விடும் முறையும் ஐரோப்பாவில் வழக்கத்தில் உள்ளது. மருந்து தாங்காத குட்டிகள் உள்ள இடத்தில் அது நல்ல வழி.

அந்துருண்டை, கற்பூரம், கொசுவிரட்டி ஆகியவற்றைக் கூண்டுக்குள்ளோ அருகிலோ வைப்பது கூடாது. மூடிய தொட்டியில் அந்த ஆவியிலிருந்து பாம்பு தப்ப முடியாது.

வயிற்றுச் செதில் புண்

வளர்ப்பவர்கள் செதில் அழுகல் என்று அழைப்பது உண்மையில் தோலில் ஏற்படும் பாக்டீரியப் புண். முதலில் வயிற்றுச் செதில் ஒன்றிரண்டின் ஓரம் பழுப்பாகும் அல்லது சிவக்கும். பிறகு செதில் மெலிந்து அரிக்கப்பட்டது போலாகும், தேன் நிறத்தில் பொருக்கு கட்டும், கடைசியில் குழிந்த புண்ணாகும். ஈரமும் அழுக்கும் சேர்ந்த விரிப்பின் மேல் நாள்கணக்கில் கிடப்பதே இதன் தொடக்கம். சூடோமோனாஸ், ஏரோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் நனைந்து இளகிய தோலுக்குள் எளிதாகப் புகுந்துவிடுகின்றன.

இதற்கு நெருங்கிய உறவுடையது கொப்புள நோய். தரை சுத்தமாகவே இருந்தாலும் எப்போதும் நனைந்திருந்தால் வயிற்றில் தெளிந்த நீர் நிறைந்த கொப்புளங்கள் எழும். தொடக்கத்தில் அவற்றில் கிருமி இருக்காது. கொப்புளம் உடைந்ததும் கிருமி புகும். சட்டை உரியவில்லை என்று கேள்விப்பட்டதும் கூண்டு முழுவதும் தண்ணீரைத் தெளித்துச் சேறாக்கும் பழக்கம் பல பாம்புகளை இந்த நோயில் கொண்டுவந்து விடுகிறது. காற்றில் ஈரம் வேண்டும், தரையில் ஈரம் கூடாது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் தோல் நோய்களில் பாதி வராமலே போகும். ஈரப் பாசிப் பெட்டி ஒரு மூலையில் இருக்க, மற்ற தரை காய்ந்திருந்தால் தனக்கு வேண்டியதைப் பாம்பு தேர்ந்துகொள்ளும்.

மேலோட்டமான புண்ணுக்கு வீட்டில் செய்யக்கூடியது உண்டு. விரிப்பை அகற்றித் தாள் விரித்து, அதைத் தினமும் மாற்ற வேண்டும். கடையில் கிடைக்கும் 10 விழுக்காடு போவிடோன் அயோடின் கரைசலைப் பத்து மடங்குக்கும் மேல் நீரில் நீர்த்து, பால் சேர்க்காத இளந்தேநீர் நிறத்துக்குக் கொண்டுவந்து, அதில் புண்ணுள்ள பகுதி நனையும்படி நாளுக்கு ஒரு முறை பத்துப் பதினைந்து நிமிடம் வைக்கலாம். பாம்பு அதைக் குடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். துடைத்து உலர்த்திய பின் தீக்காயங்களுக்குப் பயன்படும் சில்வர் சல்ஃபாடையசின் களிம்பை மெல்லிய பூச்சாகத் தடவலாம். மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் பூசும் ஆசை நம் வீடுகளில் எழும். மஞ்சள் கறை புண்ணின் நிறத்தை மறைத்துவிடும், அது ஆறுகிறதா பரவுகிறதா என்று சொல்ல முடியாமல் போகும். எண்ணெயில் தூசியும் கழிவும் ஒட்டிக்கொள்ளும். இரண்டையும் தவிர்ப்பதே நல்லது.

புண் ஆழமாக இருந்தாலோ, எண்ணிக்கை கூடினாலோ ஊசி மருந்து தேவை. எந்த பாக்டீரியா, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்துக் கொடுப்பதே முறை. செஃப்டாசிடைம் என்னும் ஆன்டிபயாட்டிக் இதில் பெயர்பெற்றது. பாம்பின் உடலில் மருந்து மெதுவாகக் கழிவதால் மூன்று நாட்களுக்கு ஒரு முறை போட்டாலே போதும். ஊசியை உடலின் முன்பாதியில் போடுவது மரபு. பின்பாதியின் இரத்தம் சிறுநீரகம் வழியாகப் போகும் அமைப்பு ஊர்வனவற்றுக்கு உண்டு, அங்கே போட்ட மருந்து பயன்படும் முன் வெளியேறலாம் அல்லது சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்.

வயிற்றுச் செதில்கள் பரவலாக இளஞ்சிவப்பாகவோ இரத்தப் புள்ளிகளோடோ மாறி, பாம்பு சோர்ந்து கிடந்து, வாயைத் திறந்து மூச்சு விட்டால் கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது என்று கொள்ள வேண்டும். சட்டை உரிக்கும் காலத்து இளஞ்சிவப்போடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அப்போது கண்ணும் மங்கியிருக்கும், பாம்பு தொட்டால் துடிப்பாக இருக்கும், சில நாளில் நிறம் மாறிவிடும். கண் தெளிவாக இருக்க வயிறு சிவந்து, நாக்கை நீட்டக்கூட மனமில்லாத பாம்பை அன்றே மருத்துவரிடம் சேர்க்க வேண்டும்.

சூட்டுப்புண்ணும் எலிக்கடியும்

தீய்ந்துபோகும் அளவு சூடான இடத்தை விட்டுப் பாம்பு விலகும் என்று எதிர்பார்ப்பது இயற்கை. நடப்பது வேறு. கூண்டில் மற்ற பகுதி குளிர்ந்திருந்தால் பாம்பு சூடான இடத்திலேயே கிடக்கும், வயிற்றுத் தோல் வேகும் வரை கிடக்கும். மின்சாரத்தால் சூடாகும் செயற்கைப் பாறைகளும், தெர்மோஸ்டாட் இல்லாத ஹீட் பேடுகளும், கம்பி வலையால் மூடாத விளக்குகளும் உலகெங்கும் இந்தக் கேட்டைச் செய்கின்றன. காயம் உடனே தெரியாது. முதலில் சிவப்பு, சில நாளில் கொப்புளம், பிறகு செதில்கள் பழுப்பாகி உதிர்தல் என்று மெல்ல வெளிப்படும். பெரிய சூட்டுப்புண்ணில் உடலின் நீர் கசிந்து போவதால் வெறும் களிம்பு போதாது, நீரேற்றமும் வலிநிவாரணியும் தேவைப்படும். தெர்மோஸ்டாட் இணைக்காத சூடேற்றி எதையும் கூண்டுக்குள் வைக்கலாகாது.

எலிக்கடி வளர்ப்பவரால் மட்டுமே வருவது. உயிருள்ள எலியைக் கூண்டில் விட்டு, பசியில்லாத பாம்போடு இரவு முழுவதும் இருக்கவிட்டால் எலி பாம்பைக் கடித்து, முதுகெலும்பு தெரியுமளவு சதையைத் தின்ற நிகழ்வுகள் மருத்துவ நூல்களில் படங்களோடு பதிவாகியுள்ளன. உறையவைத்து, வெந்நீரில் இளக்கிச் சூடாக்கிய இரையைக் கொடுப்பதே இதற்கு ஒரே தீர்வு.

மூக்கு நுனி தேய்ந்து புண்ணாவது வேறு வகை. கம்பி வலையிலோ கண்ணாடியிலோ மூக்கை ஓயாமல் உரசும் பாம்புக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை, அல்லது வெப்பம் ஒத்துவரவில்லை என்று பொருள். புண்ணுக்கு மருந்திடும் முன் மறைவிடம் ஒன்று வைக்க வேண்டும்.

பூஞ்சை

2006ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் கிலுகிலுப்பை விரியன்களின் சிறு கூட்டம் ஒன்று முகத்திலும் உடலிலும் புண்களோடு விரைவாகக் குறைந்தது. 2008இல் இல்லினாயில் மசசாகா விரியன்கள் முகம் வீங்கி இறந்தன. இன்று பாம்புப் பூஞ்சை நோய் என்று அறியப்படும் இதற்குக் காரணம் ஓஃபிடியோமைசிஸ் ஓஃபியோடிகோலா என்னும் பூஞ்சை. பிரிட்டனிலும் செக் நாட்டிலும் காட்டுப் பாம்புகளில் அது இருப்பதை 2017இல் வெளியான ஆய்வு உறுதிசெய்தது. வளர்ப்புப் பாம்புகளுக்கும் இது வரும்.

செதில்கள் தடித்து மஞ்சளாகும், பொருக்கு கட்டும், தோலுக்கடியில் முடிச்சுகள் தோன்றும், முகம் உருமாறும், சட்டை அடிக்கடி ஒழுங்கின்றி உரியும். பாக்டீரியப் புண்ணிலிருந்து இதைக் கண்ணால் மட்டும் பிரித்தறிய முடியாது. தோல் துணுக்கை எடுத்துப் பூஞ்சை வளர்ப்பு, மரபணுச் சோதனை, திசு ஆய்வு செய்தே முடிவுக்கு வர வேண்டும். பாக்டீரிய மருந்து கொடுத்தும் சில வாரங்களில் ஆறாத புண்ணைப் பூஞ்சையாகச் சந்தேகிப்பது நல்ல வழக்கம். டெர்பினாஃபின், வோரிகோனசோல், இட்ராகோனசோல் ஆகியவை கையாளப்படுகின்றன. சிகிச்சை மாதக்கணக்கில் நீளும், எல்லாப் பாம்பும் பிழைப்பதில்லை. பூஞ்சை இருப்பதாக ஐயம் எழுந்த நாளிலிருந்து அந்தப் பாம்பின் கூண்டு, கொக்கி, கிண்ணம் எதையும் மற்றவற்றோடு கலக்கக் கூடாது.

தோலுக்கடியில் கட்டி

ஊர்வனவற்றின் சீழ் ஓடும் நீர்மம் அல்ல, பாலாடைக்கட்டி போல இறுகிய திரள். அதனால் கட்டியைக் கீறிப் பிதுக்கினால் ஒன்றும் வராது. உறையோடு சேர்த்து அறுத்தெடுக்க வேண்டும். எல்லாக் கட்டியும் சீழல்ல. காட்டில் பிடிக்கப்பட்டு விற்பனைக்கு வரும் பாம்புகளின் தோலுக்கடியில் நாடாப்புழுவின் இளம்பருவங்கள் நகரும் முடிச்சாகத் தெரிவதுண்டு. முதிர்ந்த பாம்புகளில் புற்றுக்கட்டியும் வரும். ஊசியால் சிறிது திசு எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதே இவற்றைப் பிரித்துச் சொல்லும்.

ஆறும் காலம்

பாம்பின் தோல் மெதுவாகவே ஆறும். பாலூட்டிகளில் நாட்களில் மூடும் காயம் இங்கே வாரங்களும் மாதங்களும் எடுக்கும். அதன் நோய் எதிர்ப்பு சுற்றுப்புறச் சூட்டைச் சார்ந்தது. பால் பைத்தானின் கூண்டில் சூடான பக்கம் 31, 32 டிகிரியும் குளிர்ந்த பக்கம் 25 டிகிரிக்குக் குறையாமலும் இல்லையென்றால் சரியான மருந்தும் வேலை செய்யாது. காயமுற்ற பாம்பு வழக்கத்தைவிட அடிக்கடி சட்டை உரிக்கும். ஒவ்வொரு உரிப்பிலும் புண் சிறிது சிறிதாகச் சுருங்குவதே நலமடைவதன் அடையாளம். புண் ஆறும்வரை பாம்பைக் கையில் எடுத்து விளையாடுவதை நிறுத்த வேண்டும். மீண்டும் வராமலிருக்க, தேவதாரு போன்ற வாசனை எண்ணெய் உள்ள மரத்தூளைத் தவிர்த்து, கழிவைக் கண்டவுடன் அகற்ற வேண்டும். புதிதாக வாங்கிய பாம்பை வேறு அறையில் 90 நாள் தனியாக வைத்து, பழைய பாம்புகளைப் பார்த்து முடித்த பிறகே அதைத் தொட வேண்டும். உண்ணியும் பூஞ்சையும் வீட்டுக்குள் வரும் வழி பெரும்பாலும் புதிய பாம்புதான்.

ஊர்வன பல, நோயில்லாதபோதும், சால்மோனெல்லாவைச் சுமக்கும். பாம்பையோ கூண்டையோ தொட்டபின் சோப்பால் கை கழுவ வேண்டும், கூண்டுப் பொருட்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் பாம்பைக் கொடுக்கக் கூடாது. புண்ணுள்ள பாம்பிடம் இந்தக் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும்.

ஊர்வன மருத்துவம் பயின்ற கால்நடை மருத்துவர்கள் எல்லா ஊரிலும் இல்லை. பாம்பை வாங்கும் முன்பே அப்படி ஒருவர் எட்டும் தூரத்தில் இருக்கிறாரா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். போகும்போது பாம்பைத் துணிப்பையில் இட்டுப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு, கடைசியாக உரித்த சட்டை, கூண்டின் படம், வெப்பமும் ஈரப்பதமும் குறித்த தாள், கடைசியாக எப்போது என்ன இரை தின்றது என்னும் விவரம் ஆகியவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். புண்ணின் மேல் அன்று காலை எதையும் பூசாதீர்கள்.